தற்காலிகமாக இல்லாதவர்

ஈவ்லெத், மினசோட்டா
1 பிப்ரவரி 1987

வெஸ்,

இது கெஞ்சும் கடிதம் இல்லை, சண்டைக் கடிதமும் இல்லை. வருமான வரிக் கடிதம். அதனால் பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

மருத்துவமனைச் சமையலறையில் என் போன ஆண்டுச் சம்பளச் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வெர்பிச் டீச்சர் ஓய்வு பெற்றபின் அங்கேதான் ஊராருக்கு வரி மனு எழுதித் தருகிறார். உன் பெயரைச் சொன்னதும் சிரித்தார். "வெஸ் காங்காஸா? வகுப்புக்கே வராம வருகைப் பதிவு வாங்கினவனாச்சே" என்றார். நான் சிரிக்கவில்லை.

எனக்கு மூன்று வழி இருக்கிறதாம். ஒன்று, கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே மனு போடுவது. அதில் கையெழுத்துப் போட்டால் உன் வரியும் என் தலையில் விழும். மீன் பிடிக்கும் படகில் பங்குக்கு வேலை செய்பவனுக்கு முதலாளி வரி பிடிப்பதில்லை, நீயேதான் கட்ட வேண்டும். நீ கட்டாவிட்டால் என் கதவைத் தட்டுவார்கள். இரண்டாவது வழி, திருமணமானவர் தனியாகப் போடுவது. அதில் வரியும் கூட, குறைந்த சம்பளத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையும் கிடையாது. மூன்றாவது, குடும்பத் தலைவர். பிள்ளைகள் என்னோடு இருந்து, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நான் செய்து, ஆண்டின் கடைசி ஆறு மாதம் நீ இந்த வீட்டில் வசிக்காமல் இருந்திருந்தால், விவாகரத்து ஆகாவிட்டாலும் நான் அப்படிப் போடலாம்.

நான் மூன்றாவதைப் போடப் போகிறேன். வீட்டுக் கடன் தவணை மூன்று மாதமாக நிற்கிறது. வங்கிக்காரர் ஏப்ரல் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரி திரும்ப வந்தால் வீடு நிற்கும். வராவிட்டால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் அக்கா வீட்டு மாடிக்குப் போக வேண்டியதுதான்.

உன்னிடம் இரண்டே காரியம் கேட்கிறேன். ஜூன் பதினான்கிலிருந்து இந்த வீட்டில் வசிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட என் கையில் இருக்கட்டும். அப்புறம், உன் மனுவில் பிள்ளைகளின் பெயரைப் போடாதே.

மார்லிஸ்

*

கோடியாக், அலாஸ்கா
12 பிப்ரவரி 1987

மார்லிஸ்,

குடும்பத் தலைவர் அம்மாவுக்கு வணக்கம். எப்போது தேர்தல் நடந்தது? எனக்கு ஓட்டுச் சீட்டு வரவில்லையே.

கடிதத்தைப் படகிலேயே படித்தேன். பனியில் கை மரத்துப் போயிருந்தது, அதனால் முதல் தடவை படித்தபோது ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது நன்றாகவே உறைத்தது. பதின்மூன்று ஆண்டு உன்னோடு குடித்தனம் செய்தவன், அந்த வீட்டில் நான் இல்லை என்று என் கையாலேயே எழுதித் தர வேண்டுமா?

நான் வேலை பார்த்த சுரங்கத்தை மூடியது நானா? ஈவ்லெத் ஆண்களில் பாதிப்பேர் இன்று அலாஸ்காவிலும் டெக்சாஸிலும் கிடக்கிறார்கள். அவர்கள் மனைவிமார் எல்லாம் குடும்பத் தலைவர் ஆகிவிட்டார்களா? எங்கள் படகுத் தலைவரின் மனைவி ஃப்ளோரன்ஸ்தான் இங்கே எல்லாருக்கும் வரி எழுதுகிறாள். அவளிடம் கேட்டேன். வேலைக்காக வெளியூர் போனவன் தற்காலிகமாக இல்லாதவன்தானாம். தற்காலிகமாக இல்லாதவன் வீட்டில் இருப்பவனாகவே கணக்காம். அது சட்டத்தில் உள்ள வார்த்தை, என் வார்த்தை இல்லை.

அது போகட்டும். ஜூலையும் ஆகஸ்டும் நான் அலாஸ்காவிலா இருந்தேன்? ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்து கொல்லையில் சௌனா நீராவிக் குடிலுக்கு விறகு பிளந்து அடுப்பு மூட்டியது யார்? கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்து, குளித்துவிட்டு, உன் மேஜையில் உட்கார்ந்து உன் கையால்தான் சாப்பிட்டேன். என் துண்டு அந்த ஆணியிலேயே தொங்கியது. கடைசி ஆறு மாதத்தில் அந்த இரண்டு மாதமும் வருகிறது. இதை உன் வெர்பிச் டீச்சரிடம் சொன்னாயா?

சேர்ந்தே போடுவோம். மொத்தத்தில் வரி குறையும் என்று ஃப்ளோரன்ஸ் சொல்கிறாள். என் பங்கை நான் கட்டிவிடுவேன். நாம் இன்னும் கணவன் மனைவிதானே?

வெஸ்

*

ஈவ்லெத்
23 பிப்ரவரி 1987

வெஸ்,

சொன்னேன். சௌனாக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். எனக்கே அது உறுத்திக்கொண்டிருந்தது, பொய் எழுதி மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சனிக்கிழமைகளில் வேறு யார் யார் குளிக்க வந்தார்கள் என்று கேட்டார். உன் அண்ணன் லெரோய் வந்தான். பக்கத்து வீட்டு மாக்கி தம்பதி வந்தார்கள். தேவாலயப் பாதிரியார் இரண்டு தடவை வந்தார். "குளிக்க வந்தவனெல்லாம் குடியிருக்கறவனா? அப்படின்னா பாதிரியாரையும் மனுவுல சேர்த்துக்க வேண்டியதுதான்" என்றார் டீச்சர். நூலகமே திரும்பிப் பார்த்தது.

வெஸ், நம்மவர்களில் சனிக்கிழமை சௌனா மூட்டிவிட்டு வந்தவனைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டா? குடிபோதையில் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனவன் வந்தாலும் துண்டு கொடுத்துத்தான் ஆக வேண்டும். உனக்கும் கொடுத்தேன். சாப்பாடும் போட்டேன். இருட்டுவதற்குள் நீ லெரோயின் ஏரிக் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவாய், பிள்ளைகள் வாசலில் நின்று கை காட்டுவார்கள். அந்த வீட்டில் வசிப்பவனுக்கு யாராவது வாசலில் நின்று கை காட்டுவார்களா?

வேலைக்குப் போனேன் என்கிறாய். உனக்குப் படகு கிடைத்தது செப்டம்பரில். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது ஜூன் பதினான்கு. இடையில் உனக்கு என்ன வேலை இருந்தது? கொட்டகையில் உட்கார்ந்து பீர் குடிப்பதை வேலை என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் உன்னுடைய அந்த வார்த்தையை டீச்சர் தள்ளிவிடவில்லை. தற்காலிகமாக இல்லாதவர் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான் என்றார். ராணுவத்துக்குப் போனவன், மருத்துவமனையில் கிடப்பவன், கப்பலில் வேலை செய்பவன் எல்லாரும் அதில் அடக்கம். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதானாம். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "மார்லிஸ், வேலை நாளைக்கே முடிஞ்சுபோச்சுன்னு வை. அவன் எங்க வந்து இறங்குவான்?"

எட்டு மாதமாக நான் இந்தக் கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறேன், ஒருநாளும் நேராகக் கேட்டதில்லை என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அதனால் உன்னையே கேட்கிறேன். சட்டத்துக்காக மட்டும் கேட்கவில்லை.

மார்லிஸ்

*

கோடியாக்
5 மார்ச் 1987

மார்லிஸ்,

ஊர்ச் சிரிப்புக்கு என்னைத் தீனியாக்கியதற்கு நன்றி. பாதிரியாரோடு சேர்ந்து நானும் விருந்தாளி ஆகிவிட்டேன். நல்ல மரியாதை.

உன் கேள்வி இருக்கட்டும். முதலில் என் கேள்விக்குப் பதில் சொல். உன் கடிதம் வந்த அதே நாள் ஹெய்டியிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. பதினொரு வயதுப் பெண்ணுக்கு என்ன அழகான கையெழுத்து. பள்ளியில் பனிச்சறுக்குப் போட்டியில் இரண்டாவதாக வந்தாளாம். டேரிலுக்குப் பல் விழுந்ததாம். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாள்: 'சுரங்கம் திறந்ததும் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று அம்மா சொன்னார்கள். அப்பா வேலைக்குத்தான் போயிருக்கிறார் என்று டேரிலிடம் தினமும் சொல்கிறார்கள்.'

இதைச் சொன்னது நான் இல்லை, நீ. பிள்ளைகளிடம் நான் வேலைக்குப் போனவன், அரசாங்கத்திடம் நான் ஓடிப்போனவன். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் எப்படி? எதுதான் உண்மை, நீயே முடிவு செய்.

சேர்ந்து போடும் மனுவை ஃப்ளோரன்ஸ் பூர்த்தி செய்துவிட்டாள். என் கையெழுத்தைப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் இடம் காலியாக இருக்கிறது. ஒரு கையெழுத்து, முடிந்தது. ஹெய்டிக்கு நீ சொன்னதை நீயே காப்பாற்றியது போலவும் இருக்கும்.

வெஸ்

*

ஈவ்லெத்
16 மார்ச் 1987

வெஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். மருத்துவமனையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே திட்டினேன், வண்டி ஓட்டிக்கொண்டே திட்டினேன். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டேன். நீ சொன்னது சரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நான்தான்.

நல்லெண்ணத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. டேரில் ஏழு வயதுப் பையன், அவன் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தினமும் ஒரே பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பாதி நாள் நானே நம்பினேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உன்னிடம் உண்மை எழுதிக் கேட்டேன். எந்த மனுவிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைச் சரி செய்தாக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

நேற்று ஞாயிறு. பன்னுகாக்கு அப்பம் செய்தேன், முட்டையும் பாலும் கூடுதலாகப் போட்டு. பிள்ளைகள் அதற்கு மேல் பெர்ரிப் பாகை ஊற்றும் வரை காத்திருந்து, பிறகு சொன்னேன். அப்பா வேலை செய்வது உண்மை, ஆனால் வேலைக்காக வீட்டைவிட்டுப் போகவில்லை, நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டோம், அதற்குப் பிறகு அவர் இங்கே குடியிருக்கவில்லை, இத்தனை நாள் நான் உங்களிடம் வேறு மாதிரிச் சொன்னது தப்பு என்று சொன்னேன். உன்னைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டுமானால் அவர்களிடமே கேட்டுக்கொள்.

ஹெய்டி முகத்தைக் கூடத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியும்மா. நீ அவருக்குப் பிடிச்ச காப்பித்தூளை வாங்கறதையே விட்டுட்டியே" என்றாள். அவளும் என்னைக் காப்பாற்றத்தான் உனக்கு அப்படி எழுதியிருக்கிறாள். நான் சொன்ன பொய்யை என் மகள் எனக்காகச் சுமந்திருக்கிறாள், வெஸ். அதைவிட எனக்கு வேறு தண்டனை வேண்டாம்.

டேரில் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப சுரங்கம் திறந்தாலும் வரமாட்டாரா?" என்று கேட்டான். அப்பாவைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அழுதான். தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டுவிட்டு அழுதான்.

நீ அனுப்பிய மனுவைக் கிழிக்கவில்லை. கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஏப்ரல் பதினைந்துக்குள் நான் குடும்பத் தலைவராகவே மனுப் போடுவேன். நீ எழுதித் தந்தாலும் போடுவேன், தராவிட்டாலும் போடுவேன். அதிகாரி கூப்பிட்டுக் கேட்டால், உனக்குத் துண்டு கொடுத்ததையும் சொல்லி, நீ இருட்டுவதற்குள் கிளம்பியதையும் சொல்வேன். பயமில்லை. ஆனால் டேரில் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அதை நீதான் சொல்ல வேண்டும்.

மார்லிஸ்

*

கோடியாக்
28 மார்ச் 1987

மார்லிஸ்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கசக்கிப் போட்டேன். மூன்றில் உன்னைக் குற்றம் சொல்லியிருந்தேன். ஒன்றில் சுரங்கத்தை. இதில் யாரையும் சொல்லப் போவதில்லை.

நவம்பரில் எங்கள் படகின் இயந்திரம் பழுதாகிவிட்டது. உதிரி பாகம் சியாட்டலிலிருந்து வர மூன்று வாரம் ஆயிற்று. உங்களுக்கு அதை எழுதவில்லை. படகுத் தலைவர் பங்குப் பணத்தைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார். எல்லாரும் போனார்கள். ஈவ்லெத்தில் மான் வேட்டை நடந்துகொண்டிருந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு மான் பருவத்தையும் நான் தவற விட்டதில்லை, உனக்கே தெரியும். லெரோய் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டான். "இதுக்கும் வரலேன்னா உன்னைச் செத்தவன்னு எழுதிடுவேன்டா" என்றான். விமானத்துக்குச் சீட்டு வாங்கினேன். விமான நிலையம் வரை போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. விமானம் போனபின் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று காத்திருந்தேன். வருத்தம் வரவில்லை, நிம்மதிப் பெருமூச்சுத்தான் வந்தது.

இங்கே என்னைச் சுரங்கம் வெளியே தள்ளியவனாக யாரும் பார்ப்பதில்லை. ஈவ்லெத்தில் கடைக்குப் போனால்கூட, வேலை ஏதாவது கிடைத்ததா என்று கேட்டுக் கேட்டே கொன்றுவிட்டார்கள். நீ கேட்கவே இல்லை. நீ கேட்காமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபத்தை உன்மேல் கொட்டிவிட்டுக் கிளம்பினேன். வேறு பெண் யாரும் இல்லை. இருந்தால் உனக்குப் புரிந்துகொள்ளச் சுலபமாக இருந்திருக்கும், எனக்கும் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலை நாளைக்கு முடிந்தால் நான் எங்கே இறங்குவேன் என்று கேட்டாய். இங்கேதான், மார்லிஸ். வேறு வேலை தேடிக்கொண்டு இங்கேயே இருப்பேன். சேர்ந்து மனுப் போடலாம் என்று அடம் பிடித்ததற்குக் காரணம் வரி இல்லை. உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும் வரை, போய்விட்டேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான்.

நேற்று ஃப்ளோரன்ஸிடம் என் மனுவைத் தனியாக எழுதச் சொன்னேன். திருமணமானவர், தனியாக. பிள்ளைகள் பெயர் அதில் இல்லை. இப்படிப் போட்டால் எவ்வளவு நட்டம் என்று அவள் கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள். "தெரியும் ஃப்ளோரன்ஸ், நீங்க எழுதுங்க" என்றேன். அவள் எழுதி முடித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து படகுத் துறையில் வெகு நேரம் நின்றேன்.

நீ கேட்ட தாள் இத்துடன் இருக்கிறது. ஜூன் பதினான்கு என்று தேதி போட்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் குளிக்க மட்டும் வந்தேன் என்பதையும் சேர்த்திருக்கிறேன், உன் டீச்சர் சந்தோஷப்படட்டும். டேரிலுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை, நீ முதலில் படித்துப் பார். சுரங்கம் திறந்தாலும் வரமாட்டேன் என்றும், அவன்மேல் கோபத்தில் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் பிள்ளைகளை இரண்டு வாரம் அனுப்புவாயா? கேட்கத்தான் செய்கிறேன்.

வெஸ்

*

ஈவ்லெத்
9 ஏப்ரல் 1987

வெஸ்,

நீ இல்லை என்று உன் வாயால் சொல்ல வைக்கத்தான் இரண்டு மாதம் உன்னோடு மல்லுக்கட்டினேன். நீ சொன்னதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வருவேன் என்று நீ எழுதிவிடுவாய் என ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இனி அதை மறைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை.

நான் கேட்காமல் இருந்தது உன்னைப் புண்படுத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டால்தான் வலிக்கும் என்று நினைத்தேன். அதற்கு வருந்துகிறேன். அதற்காக உன்னைத் திரும்ப அழைக்கவில்லை.

நேற்று மனுவைத் தபாலில் போட்டுவிட்டேன். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் நானே குறி போட்டேன். உன் தாளைப் படித்துவிட்டு டீச்சர் கேலி எதுவும் செய்யவில்லை. மடித்துக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். வங்கிக்காரரிடமும் போனேன். வரிப்பணம் வந்ததும் மூன்று தவணையையும் சேர்த்துக் கட்டுகிறேன் என்றேன். கடனை உங்கள் இருவர் பெயரிலும் வைத்துக்கொள்ளவா என்று கேட்டார். என் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கி வந்திருக்கிறேன். மே மாதத்திலிருந்து மருத்துவமனையில் இரவு உணவு வேளையும் எனக்குத்தான். வீடு எங்கும் போகாது.

டேரிலுக்கு நீ எழுதியதைப் படித்தேன், ஒரு வரியையும் மாற்றாமல் கொடுத்தேன். அவன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். கோபமாக இருக்கிறான். இருக்கட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆகஸ்டில் இரண்டு பேரையும் அனுப்புகிறேன். படகில் ஏற்றினால் உயிர்காக்கும் சட்டையைக் கழற்ற விடாதே.

பள்ளியில் ஆண்டுதோறும் நிரப்பும் குடும்ப அட்டை வந்திருந்தது. தந்தையின் முகவரி என்ற இடத்தில் போன ஆண்டு நான் 'மேலே உள்ளதே' என்று எழுதியிருந்தேன். இந்த ஆண்டு அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஹெய்டி வந்து அட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். உன் கடைசிக் கடித உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, படகுத் தலைவர் முகவரிக்குப் பதிலாக நீ புதிதாகப் போட்டிருந்த கோடியாக் முகவரியை முழுவதும் அவளே எழுதினாள். தபால் பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் ஏழா ஒன்றா என்று உன் கையெழுத்தில் அவளுக்குப் புரியவில்லையாம். அந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள்.

எது சரி என்று எழுது. அவள் கேட்கிறாள்.

மார்லிஸ்